தண்ணீரைச் சீப்பு என்றாள்

மூளைக்காய்ச்சல் என்றதும் உறவுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, “எவ்வளவு காய்ச்சல் அடித்தது?” என்பதுதான். 101 டிகிரி என்று சொன்னால் முகத்தில் ஓர் ஏமாற்றம் தெரியும். 104, 105 என்று கொதித்து, அந்தச் சூடு தலைக்கு ஏறி மூளையைத் தாக்கிவிட்டது என்று முடிவு செய்துகொண்டுதான் வருகிறார்கள். “ஈரத்துணி போட்டு இறக்கியிருக்கலாமே” என்பது அடுத்த வரி. சூடு எங்கும் ஏறுவதில்லை, கிருமிதான் ஏறுகிறது. ஏழு வயதில் என் சின்னவளுக்கு வந்தது ஹெர்ப்பிஸ் வைரஸ் மூளை அழற்சி. அந்த நோயில் தெர்மாமீட்டர் சொன்னது கொஞ்சம். அவளுடைய பேச்சும் நடத்தையும் சொன்னதுதான் நிறைய. அதைக் கண்டுபிடித்தவர், மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட என் மாமியார்.

எங்கள் வீடு கொருக்குப்பேட்டையில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. நான் ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கணக்கு பார்க்கிறேன். பிள்ளைகள் இருவரும் வளர்ந்தது, அவர்கள் ஆயா என்று கூப்பிடும் என் மாமியாரிடம்தான். எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கும், பொய் சொல்லும்போது எந்தக் காலைச் சொறியும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

ஐப்பசி மழையில் தெருவே காய்ச்சலில் கிடந்த நேரம். சின்னவளுக்கும் காய்ச்சல், தலைவலி, ஒருமுறை வாந்தி. தெருமுனை டாக்டர் பார்த்துவிட்டு வைரல் காய்ச்சல் என்றார். எடைக்கு ஏற்றபடி பாராசிட்டமால் எழுதிக்கொடுத்தார். குறையாவிட்டால் ரத்தம் பார்க்கலாம் என்றார். அன்றைக்கு அவளைப் பார்த்த எந்த டாக்டரும் அதைத்தான் சொல்லியிருப்பார். காய்ச்சலோடு வரும் நூறு குழந்தைகளில் ஒருத்தியாகத்தான் அவளும் இருந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல் இறங்கியிருந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றால் மருந்து வேலை செய்யும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் குழந்தை எழுந்து உட்காரும், டிவி கேட்கும், அண்ணனோடு சண்டை போடும். இவள் உடம்பு குளிர்ந்த பிறகும் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். “என்னடி வேண்டும்?” என்று ஆயா கேட்டதற்கு, “சீப்பு” என்றாள். சீப்பை எடுத்துக் கொடுத்தார். தள்ளிவிட்டாள். தண்ணீர் டம்ளரைக் காட்டி, “சீப்பு, சீப்பு” என்று அழுதாள். டம்ளரைக் கொடுத்ததும் மடமடவென்று குடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து ரப்பர் எரிகிற வாடை அடிக்கிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் அப்படியொரு வாடைக்கு யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். கொடுங்கையூர் குப்பை ஒரு பக்கம், மணலி ஆலைகள் ஒரு பக்கம். ஆனால் அன்று மழைக்காக ஜன்னல்களைச் சாத்தியிருந்தோம். வேறு யாருக்கும் எந்த வாடையும் இல்லை.

ஆயா எனக்குப் போன் செய்து சொன்னது ஒரே வரி: “காய்ச்சல் இல்லை, ஆனால் பிள்ளை சரியில்லை. உடனே வா.”

அருகிலிருந்த நர்சிங் ஹோமில் பணியில் இருந்த இளம் டாக்டர், காய்ச்சல் வேகத்தில் உளறுகிறாள், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்றார். ஆயா விடவில்லை. “ஐயா, இவள் உளறினால் எனக்குத் தெரியும். தினமும் தூக்கத்தில் உளறுகிறவள்தான். இது அது இல்லை. தாகம் எடுத்தால் சரியாகத்தான் கேட்கிறாள்; பெயர் மட்டும் மாறுகிறது” என்றார். அந்த டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டி இது என்ன என்று சின்னவளிடம் கேட்டார். அடுத்துக் கைக்கடிகாரம். இரண்டுக்கும் அவள் சொன்ன பதிலைக் கேட்டதும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிவிட்டார்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. “பிள்ளை ஒரு மாதிரி இருக்கிறாள்” என்று சொன்னால் எந்த டாக்டரும் நகர மாட்டார். ஒரு நாளைக்கு ஐம்பது தாய்மார்கள் அதைச் சொல்கிறார்கள். நேற்றுவரை என்ன செய்தாள், இன்று எதைச் செய்யவில்லை அல்லது எதை வேறு விதமாகச் செய்கிறாள் என்று பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். “தண்ணீரைச் சீப்பு என்கிறாள்.” “கூப்பிட்டால் மட்டும் கண் திறக்கிறாள், உடனே மூடிக்கொள்கிறாள்.” “வலது கையால் சாப்பிடுகிறவள் இடது கையை நீட்டுகிறாள்.” எந்த ஸ்கேனும் எடுப்பதற்கு முன்பே ஒரு டாக்டருக்குக் கிடைக்கக்கூடிய முதல் பரிசோதனை முடிவு அதுதான். அதைக் கொடுக்க வீட்டில் இருப்பவர்களால் மட்டுமே முடியும். அந்தக் குழந்தையின் சாதாரண நாள் டாக்டருக்குத் தெரியாது.

துணிமணி எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வலிப்பு வந்துவிட்டது. வாயின் வலது ஓரம் இழுத்துக்கொண்டது, பிறகு வலது கை வெட்டியது, பிறகு உடம்பு முழுவதும். அக்கம்பக்கத்தில் சத்தம் கேட்டு ஓடி வந்தவர்களில் ஒருவர் சாவிக்கொத்து கொண்டுவந்தார், இன்னொருவர் வெங்காயத்தை நறுக்கி மூக்கருகே நீட்டினார். மாடி வீட்டு அக்கா பல்லுக்கு நடுவில் கரண்டிக் காம்பை நுழைக்க முயன்றார். எல்லோரும் நல்லவர்கள்தான். எங்கள் அலுவலகத்தில் முதலுதவிப் பயிற்சி நடத்தியிருந்தார்கள். அதனால் கரண்டியைப் பிடுங்கி வீசினேன். வலிப்பில் இருக்கும் குழந்தையை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். வாயில் எதையும், தண்ணீரைக்கூட, கொடுக்கக் கூடாது. கையைக் காலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. சாவியால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நிற்கிறது, அந்தப் பெருமையைச் சாவி வாங்கிக்கொள்கிறது. ஐந்து நிமிடம் தாண்டினால் தானாக நிற்கும் வாய்ப்பு குறைகிறது, மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். அதனால் முதல் வேலை கடிகாரத்தைப் பார்ப்பது.

இரண்டாவது வேலை, கேட்பதற்குக் கல்நெஞ்சாகத் தோன்றலாம்: வீடியோ எடுப்பது. மூத்தவனிடம் போனைக் கொடுத்து எடுக்கச் சொன்னேன். பிள்ளைக்கு வலிப்பு வரும்போது படம் எடுக்கிறாளே என்று தெருவில் இன்றும் பேசுகிறார்கள். ஆஸ்பத்திரியில் நரம்பியல் டாக்டர் அந்த வீடியோவை மூன்று நான்கு முறை ஓட்டிப் பார்த்தார். வலது வாயோரத்தில் தொடங்கியது என்றால் கோளாறு இடது மூளையில். பெயர்கள் மாறிப்போவதும் இடது மூளைக் கோளாறுதான். ஸ்கேன் அறைக்குள் போவதற்கு முன்பே எங்கே பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

இன்னொன்று. காய்ச்சலில் வரும் வலிப்பு எல்லாக் குழந்தைகளுக்கும் வரும், பயப்படாதே என்று பலர் தேற்றினார்கள். காய்ச்சல் வலிப்பு என்பது ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளுக்கு உரியது. உடம்பு முழுவதும் ஒரே சமயத்தில் வெட்டும், சில நிமிடங்களில் நிற்கும், கொஞ்ச நேரத்தில் குழந்தை பழையபடி ஆகிவிடும். ஏழு வயதில், ஒரு பக்கத்தில் தொடங்கி, நின்ற பிறகும் தெளியாமல் இருந்தால் அந்தப் பெயரைச் சொல்லித் தேற்றிக்கொள்ள முடியாது.

எங்கள் சந்துக்குள் 108 வராது. வடசென்னையில் பாதி வீடுகளுக்கு இதே நிலைதான். போன் செய்யும்போதே எந்தக் கோயில், எந்த ரேஷன் கடை என்று பிரதான சாலையில் இருக்கும் அடையாளத்தைச் சொல்லி, ஒரு ஆளை அங்கே நிறுத்திவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கேயே போய்விடுவது நல்லது. ரயில்வே கேட் மூடியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவும் அந்த ஆள் பயன்படுவார். எங்களுக்குக் கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில். ஓட்டுநர் காத்திருக்காமல் சுற்றுவழியில் எடுத்துப்போனார். அந்த வழியில் கன்டெய்னர் லாரிகள் வரிசை. ஒலிபெருக்கியில் அவர் கெஞ்சியதும் திட்டியதும் இன்னும் காதில் இருக்கிறது.

எங்கள் பக்கத்து மக்களுக்குப் பெரியவர்கள் என்றால் ஸ்டான்லி, குழந்தைகள் என்றால் எழும்பூர். நாங்கள் போனது எது என்பது இங்கே முக்கியமில்லை. குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும் எம்.ஆர்.ஐ.யும் இருக்கும் பெரிய அரசு மருத்துவமனைக்கு நேராகப் போனோம் என்பதுதான் முக்கியம். வலிப்பு வந்த குழந்தையோடு சின்ன இடங்களில் ஏறி இறங்கிக்கொண்டிருக்க நேரமில்லை.

அங்கே முதல் மணி நேரத்தில் வலிப்பை நிறுத்த மருந்து போனது, சர்க்கரை பார்த்தார்கள், ஊசி வழியாகக் கிருமிக்கொல்லி ஒன்றும் ஏசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்தும் ஏறத் தொடங்கின. எந்தக் கிருமி என்று தெரியாமலே இரண்டு மருந்தா என்று கணவர் கேட்டார். தெரியாததால்தான் இரண்டும் என்றார் டாக்டர். பாக்டீரியாவால் வரும் மூளையுறைக் காய்ச்சலும் ஹெர்ப்பிஸும் முதல் நாளில் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடியாதவை. இரண்டிலும் மணிக்கணக்கில் ஆகும் தாமதம்கூடக் குழந்தையைப் பாதிக்கும். முடிவு வந்த பிறகு தேவையில்லாததை நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்து முதுகில் நீர் எடுக்க வேண்டும் என்று கையெழுத்து கேட்டார்கள். இங்கேதான் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. கணவரின் அண்ணன் திருவொற்றியூரிலிருந்து போனில், “முதுகுத்தண்டில் ஊசி போட்டால் கால் விளங்காது, கையெழுத்துப் போடாதே” என்று கத்தினார். இந்தப் பயம் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதைப் போக்கியது ஒரு பயிற்சி டாக்டர் கேஸ் ஷீட்டின் பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் போட்ட படம். நரம்புத் தண்டு இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்குக் கீழே, நீரும் அதில் மிதக்கும் நரம்பு இழைகளும் மட்டும் இருக்கும் இடத்தில். எடுப்பது சில மில்லி. பெரியவர்கள் உடம்பு ஒரு நாளைக்கு அரை லிட்டர் அளவுக்கு அந்த நீரைப் புதிதாகச் சுரக்கிறது, குழந்தைக்கும் எடுத்தது சில மணி நேரத்தில் நிரம்பிவிடும். ஊசி போட்டபின் தலைவலி வரலாம், முதுகு வலிக்கலாம். கால் விளங்காமல் போன பிள்ளைகளுக்குக் காரணம் பெரும்பாலும் நோய்; ஊசி அந்த நேரத்தில் போட்டதால் பழியை ஏற்கிறது. மூளை வீக்கம் அதிகமாக இருந்தால் டாக்டர்களே உடனே எடுக்க மாட்டார்கள், முதலில் ஸ்கேன் பார்ப்பார்கள்.

கையெழுத்துப் போட்டேன். குழாயில் வந்த நீர் தெளிவாக இருந்தது. பாக்டீரியாவாக இருந்தால் வடித்த கஞ்சி போலக் கலங்கி வரும் என்று நர்ஸ் சொன்னார். அந்தத் தெளிந்த நீரைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன், டாக்டர் படவில்லை.

எம்.ஆர்.ஐ.யில் இடது பக்கக் காதுக்கு மேலே இருக்கும் பகுதி வீங்கியிருந்தது. ஹெர்ப்பிஸ் வழக்கமாகத் தாக்கும் இடம் அது. சொற்களும் ஞாபகமும் வாசனையும் அதன் பொறுப்பு. ஆனால் நீரில் வைரஸ் இருக்கிறதா என்று பார்த்த பரிசோதனை ‘இல்லை’ என்று வந்தது. அப்புறம் எதற்கு அந்த மருந்து, சிறுநீரகம் கெட்டுவிடும், நிறுத்தச் சொல் என்று போன்கள். முதல் மூன்று நாட்களில் எடுத்த நீரில் வைரஸ் சிக்காமல் போவது உண்டு என்று சொல்லி டாக்டர்கள் மருந்தைத் தொடர்ந்தார்கள். மறுபடி எடுத்தபோது ‘இருக்கிறது’ என்று வந்தது. நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதில்லை. யோசிக்க வேண்டியவர் போன் செய்தவர்.

எந்த வைரஸ் என்று ஆயா கேட்டார். உதட்டோரம் கொப்புளம் போடுமே, அந்த வைரஸ் என்றார் டாக்டர். “அக்கியா? குயவர் வீட்டில் காவி எழுதினால் போகுமே” என்றார் ஆயா. டாக்டர் சிரிக்காமல், “அக்கிக்குப் பங்காளி பாட்டி, இவனுக்குக் காவி போதாது” என்று பதில் சொன்னார். உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் உடம்பில் இந்த வைரஸ் இருக்கிறது. சின்ன வயதில் நுழைந்து, முகத்து நரம்பின் முடிச்சில் ஒளிந்து கிடக்கும். கோடிக்கணக்கானவர்களுக்கு உதட்டுக் கொப்புளத்தோடு முடிந்துபோகிறது. மிக மிகச் சிலருக்கு மூளைக்குள் போகிறது. மருந்து இல்லாத காலத்தில் அப்படிப் போனவர்களில் பத்துக்கு ஏழு பேர் இறந்தார்கள். ஏசைக்ளோவிர் 1980-களில் வந்துதான் அந்தக் கணக்கை மாற்றியது. அந்த மருந்தைக் கண்டுபிடித்த ஆய்வகத்தை நடத்தியவர் கெர்ட்ரூட் எலியன் என்ற பெண்மணி என்று ஓர் இரவு வார்டில் உட்கார்ந்து போனில் படித்தேன். 1988-இல் நோபல் பரிசு வாங்கியிருக்கிறார். வார்டில் இருந்த எல்லாச் சாமி படங்களோடும் அவரையும் சேர்த்துக் கும்பிட்டுக்கொண்டேன்.

மருந்து எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக. வேகமாக ஏற்றினால் சிறுநீரகத்தில் படியும். அதனால் கூடவே நிறைய நீர், அடிக்கடி ரத்தப் பரிசோதனை. குழந்தைகளின் நரம்பு மூன்று நாள் தாங்கினால் பெரிது. வென்ஃப்ளான் குத்திய இடம் சிவந்து வீங்கி, மருந்து வெளியே கசிந்து, மறுபடி குத்த வேறு நரம்பு தேடி, கை முடிந்து காலுக்குப் போய். நர்ஸ் வரும்வரை காத்திருக்காமல் ஊசி இருக்கும் இடத்தை மணிக்கொரு தரம் தொட்டுப் பார்ப்பது பெற்றவர்கள் செய்யக்கூடிய வேலை. சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் உடனே சொல்லிவிட வேண்டும்.

சுமார் பத்து நாளில் அவள் எழுந்து நடந்தாள், சிரித்தாள், ஆயாவை ஆயா என்று கூப்பிட்டாள். அதுதான் ஆபத்தான கட்டம். வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த குடும்பம், வேறு நோய்தான், அந்தக் கட்டத்தில் எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டது. தினக்கூலிக்காரர்களுக்கு ஆஸ்பத்திரியில் கழிகிற ஒவ்வொரு நாளும் அடுப்பில் கை வைக்கிறது. அவர்களைக் கேள்வி கேட்க நான் யார். ஆனால் ஹெர்ப்பிஸ் மூளை அழற்சிக்குக் குழந்தைகளுக்கு 21 நாள் வரை ஊசி மருந்தேதான்; வீட்டுக்குப் போய் மாத்திரையாகச் சாப்பிடுகிறேன் என்றால் அது மூளைக்குப் போதிய அளவு போய்ச் சேராது. பாதியில் விட்டால் திரும்பி வரலாம். நாங்கள் தாக்குப்பிடித்ததற்கு ஒரே காரணம், என் அண்ணியும் நாத்தனாரும் முறை போட்டுக்கொண்டு வந்து தங்கியது. சேர்க்கையான முதல் நாளே யார் எந்த இரவு என்று குடும்பத்தில் பேசி முடித்துவிட்டால் நல்லது. காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை, ஆதார் நகல், தடுப்பூசி அட்டை நான்கையும் ஒரே உறையில் போட்டு வைத்திருந்தேன். கேட்காத நாளே இல்லை.

அந்த வார்டில்தான் வைரஸ் எத்தனை விதமாக மூளைக்குப் போகும் என்று தெரிந்துகொண்டேன். ஒரு கைக்குழந்தைக்கு என்டெரோ வைரஸ். அழுது துடித்தது, உச்சிக்குழி புடைத்திருந்தது, சில நாளில் தேறிச் சிரித்துக்கொண்டு போனது. இந்த வகை அசுத்தமான கை வழியாகவும் தண்ணீர் வழியாகவும் பரவுகிறது. மழைக்காலத்தில் குழாயில் கழிவுநீர் வாடை வரும் தெருக்களில் தண்ணீரைக் கொதிக்கவைப்பதும், குழந்தையின் மலத்துணி மாற்றியபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் இதற்காகவும்தான். ஒரு சிறுவனுக்குச் சின்னம்மை. வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, எல்லாம் முடிந்தபின் குடித்தவன் நடையாக நடக்கிறான் என்று தூக்கிவந்தார்கள். சின்னம்மை சிறுமூளையைத் தொட்டுவிட்டுப் போவது உண்டு. பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும், ஆனால் டாக்டர்தான் அதைச் சொல்ல வேண்டும்.

மறக்க முடியாதது பதினோரு வயதுப் பையன் ஒருவன். நன்றாகப் படித்தவன் படிப்பில் பின்தங்கினான், கையிலிருந்து தட்டு நழுவியது, உடம்பு திடீர் திடீரென்று தூக்கிப் போட்டது. கைக்குழந்தையாக இருந்தபோது தடுப்பூசி போடுவதற்கு முன்பே வந்த தட்டம்மை, வருடக்கணக்கில் மூளையில் பதுங்கியிருந்து இப்போது எழுந்திருந்தது. அதற்குக் குணமாக்கும் மருந்து இல்லை. தடுக்கும் ஊசி அங்கன்வாடியிலேயே இலவசம்: ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, ஒன்றரை வயதை ஒட்டி இன்னொன்று. இரண்டாவது ஊசியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சுற்றிலும் எல்லாக் குழந்தைகளுக்கும் போட்டிருந்தால்தான் ஊசி போடும் வயது வராத பச்சைக் குழந்தைக்கும் பாதுகாப்பு.

கொசுவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் மகளுக்கு வந்ததற்குப் பக்கிங்காம் கால்வாய்தான் காரணம் என்று ஊரே தீர்ப்பு சொல்லிவிட்டது. கால்வாய்க்கு எவ்வளவோ பாவம் உண்டு, இது அதில் சேராது. ஹெர்ப்பிஸ் கொசுவால் வருவதில்லை. கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நெல்வயல், நீர்ப்பறவை, பன்றி இருக்கும் இடங்களோடு சேர்ந்தது; இந்தியாவில் முதன்முதலாக 1955-இல் மனிதர்களிடம் கண்டறியப்பட்டதே நம் வேலூர்ப் பகுதியில்தான். அது அதிகம் வரும் மாவட்டங்களில் அரசே தடுப்பூசி போடுகிறது. எங்கள் தெருக்களில் டெங்குக் கொசு வளர்வது சாக்கடையில் இல்லை, லாரித் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம்மில். டெங்கும் சில சமயம் மூளையைப் பாதிக்கும். டிரம்மைக் காலி செய்தால் போதாது. முட்டைகள் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வாரம் ஒருமுறை தேங்காய் நார் போட்டுத் தேய்க்க வேண்டும்.

நாய். தெருவில் விளையாடும் பிள்ளைகள் அடிக்குப் பயந்து நாய் கீறியதை மறைப்பார்கள். வெறிநாய்க்கடி வைரஸும் நரம்பு வழியாக மூளைக்குப் போவதுதான். அறிகுறி வந்த பிறகு காப்பாற்ற முடியாது என்றே வைத்துக்கொள்ளலாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஊசி. ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் கேட்டு வாங்க வேண்டும். பிள்ளை உண்மையைச் சொன்னால் அடிக்க மாட்டோம் என்ற நம்பிக்கையை முன்கூட்டியே கொடுத்து வைக்க வேண்டும்; அது இல்லாமல் மற்ற எதுவும் நடக்காது.

டிஸ்சார்ஜ் ஆனதும் எல்லாம் முடிந்தது என்று தெரு முழுவதும் சாக்லேட் கொடுத்தோம். வீட்டுக்கு வந்தவள் வேறு மாதிரி இருந்தாள். காலையில் சாப்பிட்ட இட்லி மத்தியானம் நினைவில் இல்லை. அண்ணனைக் கடித்தாள். கடைக்குப் போகும் வழியில் நடு ரோட்டில் உட்கார்ந்துகொண்டாள். “ஆஸ்பத்திரியில் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள், இரண்டு போடு போட்டால் சரியாகும்” என்று அறிவுரை சொல்லாதவர்கள் இல்லை. தலையின் அந்தப் பகுதி காயப்பட்டால் கோபமும் மறதியும் வரத்தான் செய்யும். அடித்தால் அது ஆறாது. அது போக, வலிப்புக்குக் கொடுக்கும் லெவெட்டிரசிட்டம் மருந்தே சில குழந்தைகளுக்கு எரிச்சலைக் கிளப்பும். நான் ஒரு நோட்டில் தினமும் எழுதிவந்தேன்: என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, மருந்து எப்போது. அளவைக் கூட்டிய வாரத்திலிருந்து கடி கூடியது நோட்டில் பளிச்சென்று தெரிந்தது. அதைக் காட்டியதும் டாக்டர் மருந்தை மெல்ல மெல்ல மாற்றினார். நாமாக நிறுத்துவதை மட்டும் செய்யக் கூடாது. வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம்.

இன்னொரு எச்சரிக்கையும் தந்திருந்தார்கள். ஹெர்ப்பிஸ் தேறிய முதல் இரண்டு மூன்று மாதங்களில் சில குழந்தைகளுக்கு உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கத் தொடங்கும். வாய் தானாகக் கோணுவது, கைகால் பாம்பாட்டம் நெளிவது, தூக்கம் அடியோடு போவது, பேச்சு நின்றுவிடுவது என்று தெரியும். வைரஸ் திரும்பிவிட்டது என்றோ காற்றுக் கருப்பு என்றோ நினைத்து நாளைக் கடத்தாமல் அன்றைக்கே கூட்டி வர வேண்டும், அதற்கு வேறு மருந்து இருக்கிறது என்றார்கள். எங்களுக்கு அது வரவில்லை. ஆனால் மந்திரிக்க அழைத்துப்போகச் சொன்னவர்களிடம் ஆயா சொன்ன பதில் எனக்குப் பிடிக்கும்: “போகலாம், டாக்டர் பார்த்த பிறகு.”

இ.இ.ஜி. எடுப்பதற்கு முந்தைய இரவு குழந்தையைத் தூங்கவிடாமல் வைத்திருக்கச் சொல்வார்கள். அங்கே போய்த் தூங்கினால்தான் மூளை அலைகள் சரியாகப் பதியும். நள்ளிரவு தாண்டியதும் அவளை எழுப்பி வைத்து, தாயம், பல்லாங்குழி, பிறகு தெருவில் நடை. ரோந்து வந்த போலீஸ்காரர் நிறுத்தி விசாரித்துவிட்டு, கூடவே கொஞ்ச தூரம் நடந்து அவளிடம் வாய்ப்பாடு கேட்டார். எண்ணெய் வைக்காத தலையோடு போக வேண்டும். திரும்பி வந்தால் ஒயர் ஒட்டிய பசை முடியெல்லாம் காய்ந்து கட்டியாக இருக்கும். சீப்பால் இழுக்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டுக் கழுவினால் வந்துவிடும்.

பள்ளியில் இரண்டு பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அவள் பக்கத்திலிருந்து மாற்றி உட்காரவைக்கச் சொன்னார்கள். மூளை அழற்சி அவளிடமிருந்து யாருக்கும் தொற்றாது என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கித் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். வகுப்பு ஆசிரியை அதற்கு மேலும் செய்தார். ஒரு தாளில் வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று எழுதித் தரச் சொல்லி, தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்: பக்கவாட்டில் படுக்கவை, மணி பார், வாயில் எதுவும் வைக்காதே, ஐந்து நிமிடம் ஆனால் வலிப்பை நிறுத்தும் மிடசோலம் ஸ்ப்ரே மூக்கில், 108, அம்மாவின் எண். சாவிக்கொத்து கிடையாது என்பதையும் அவரே கீழே சேர்த்துக்கொண்டார்.

இப்போது நான்காம் வகுப்பு. கணக்கு வருகிறது. தமிழ்ச் செய்யுள் மனப்பாடம் வருவதில்லை. பாட்டாகப் பாடினால் கொஞ்சம் நிற்கிறது. தெரிந்த பொருள்களின் பெயர் சில சமயம் நாக்கில் சிக்கிக்கொள்கிறது, அப்போது அது எதற்குப் பயன்படும் என்று சொல்லப் பேச்சுப் பயிற்சியில் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். “கதவைத் திறக்கிறது” என்பாள், நாங்கள் சாவியை எடுத்துக் கொடுப்போம். வலிப்பு வந்து வெகுநாள் ஆகிவிட்டது. இரண்டு வருடம் வலிப்பில்லாமல் கடந்தபின் இ.இ.ஜி.யைப் பார்த்து மருந்தைக் குறைக்கலாமா என்று முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். குறைத்தாலும் ஸ்ப்ரே கையில் இருக்க வேண்டுமாம். ஒன்று அவள் பள்ளிப் பையில், ஒன்று ஆயாவின் சுருக்குப் பையில் வெற்றிலையோடு. எடை கூடும்போது அளவு மாறும் என்பதால் ஒவ்வொரு பரிசோதனையிலும் அதைக் கேட்டுக்கொள்கிறோம். காலாவதித் தேதியைப் பார்ப்பது மூத்தவன் பொறுப்பு.